ஆகாயப் பெட்டியும் சென்னை மழையும்

அன்பு மகளுக்கு,

வரும் வியாழக்கிழமை நீ கோயம்புத்தூருக்குப் புறப்படுகிறாய். பம்பு செய்யும் ஆலை ஒன்றின் வரைபடப் பிரிவில் உனக்கென ஒரு பலகை ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பிரிவில் ஒரு பெண் வேலைக்கு அமர்வது இதுவே முதல் முறை என்று நேர்காணலிலேயே சொன்னார்களாம். உன் பயணப் பெட்டியில் என்னென்ன வைக்க வேண்டும் என்பதை அம்மா பார்த்துக்கொள்வாள். நான் வைக்க விரும்புவது இந்தக் கடிதம் ஒன்றைத்தான். ஐம்பது வயது நிறைந்த ஒரு தகப்பன் அறிவுரை சொல்லத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்குமோ என்று நீ அஞ்சுவது நியாயமே. ஆகையால் எனக்கு நானே ஒரு வரம்பு வகுத்துக்கொண்டேன்: என் கையால் செய்து பார்த்தவற்றை மட்டுமே சொல்வேன். ஆசிரியர்களுக்கான மாத இதழ் ஒன்று இதனை வெளியிடக் கேட்டபோது உன் ஒப்புதலைக் கோரினேன். "குடுங்கப்பா, ஆனா என் மார்க்கப் பத்தி எழுதப்பிடாது" என்றாய். எழுதவில்லை.

ஆகாயப் பெட்டியை நீ நன்கு அறிவாய். ஓரத்தில் துளையிட்ட மரவட்டுகள், அவற்றை இணைக்கும் குச்சிகள், கூம்புகள், தகரத்தை வளைத்துச் செய்த சிறு கிண்ணங்கள், காலித் தீப்பெட்டியை நுழைத்துப் பூட்டும் மரச்சட்டங்கள். இவற்றைக் கொண்டு ராக்கெட், செயற்கைக்கோள், நிலவில் ஓடும் வண்டி என்று ஒரு குழந்தை நினைத்ததையெல்லாம் கட்டலாம். ஆனால் அது உருவான ஆண்டில் நீ பாளையங்கோட்டை விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது வெற்றிச் செய்தி மட்டும் உனக்குக் கிடைத்தது. வெற்றிக்கு முந்திய நாள் மாலை வரை எங்கள் நிலைமை என்னவாக இருந்தது என்பதை உனக்கு யாரும் சொன்னதில்லை. நாளை நீயும் ஒரு பொருளை வரைந்து, அதை ஊர் பேர் தெரியாத மனிதர்களின் கைக்கு அனுப்பப் போகிறவள் என்பதால், இப்போது சொல்கிறேன்.

நம் நாட்டிலேயே செய்த ஏவுகலம் ஒரு செயற்கைக்கோளைச் சுமந்து மேலேறிய செய்தி நாளிதழ்களில் படத்தோடு வந்தது. மூன்றாம் வகுப்பு ஆசிரியையான உன் அம்மா அந்தப் படத்தைக் கத்தரித்து வகுப்புச் சுவரில் ஒட்டினாள். அன்று முதல் வகுப்பில் வேறு பேச்சே இல்லை. ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்தவள், பையைக் கூட இறக்கி வைக்காமல், "பிள்ளைகளுக்குக் கை அரிக்கி. படத்தப் பாத்துக்கிட்டே எத்தன நாளு இருக்கும்? செய்யதுக்கு எதையாவது குடுங்க. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கோடு போடச் சொல்லிக் குடுக்கீங்கள்லா, என் பிள்ளைகளுக்கும் ஒரு கோடு போடுங்க" என்றாள். நான் அப்போது பாலிடெக்னிக்கில் வரைபட ஆசிரியர். கடைத்தெருவில் தேடிப் பார்த்தேன். சாவி கொடுத்தால் தரையில் ஓடும் தகர விண்கலம் ஒன்று கிடைத்தது. அது ஓடியது, குழந்தை நின்று பார்த்தது. குழந்தைக்கு அங்கே செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை.

சம்பளமில்லாத ஓராண்டு விடுப்பில் நான் இந்தப் பணியைத் தொடங்கினேன். தீப்பெட்டி ஆலைகளுக்கு அச்சும் வெட்டுக் கருவிகளும் செய்து கொடுக்கும் நம் பட்டறை அண்ணாச்சி தமது லேத்துகளில் ஒன்றை எனக்கு ஒதுக்கித் தந்தார். தரும்போதே நிபந்தனையையும் சொல்லிவிட்டார். "சார், ஒரு வருசம் இந்த லேத்து ஒங்களுக்கு. அதுக்குள்ள வெளியாளு ஒருத்தராவது இது எனக்கு வேணும்னு கேக்கணும். கேக்கலைன்னா லேத்து அச்சு வேலைக்கு, நீங்க காலேஜுக்கு, ராக்கெட்டு பரணுக்கு. சரிதானா?" சரி என்றேன். அத்துடன் அவர் நிறுத்தவில்லை. "தீப்பெட்டி ஊர்ல ராக்கெட்டு செய்யுதீங்க. பத்த வச்சா பறந்திருமா?" என்று பட்டறை முழுவதும் கேட்கும்படி ஒரு கேள்வியும் போட்டார். அந்த ஆண்டு முழுவதும் கோவில்பட்டியில் எந்தத் தெருவில் நான் நடந்தாலும் யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்டார்.

என் முதல் மாதிரி ஒரே ஒரு ராக்கெட். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண், ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் இடம். பிழை நேரவே வழியில்லை. அதை உன் அம்மா வகுப்புக்கு எடுத்துச் சென்றாள். மாலையில் வந்து, "கட்டி முடிச்சிட்டுதுங்க" என்றாள். நான் மகிழ்ந்தேன். "முடிஞ்சிட்டுன்னு வச்சிட்டு, அங்கன ஓரமாக் கெடந்த காலித் தீப்பெட்டிய அடுக்கி ராக்கெட்டுக்கு மேடை கட்டுச்சுங்க. பெல்லடிக்கிற வரைக்கும் மேடைதான். ஒங்க ராக்கெட்டு அதுமேல செலை மாதிரி நின்னுச்சு." எனக்குச் சினம் வந்தது. எண்ணிட்ட ஒழுங்கின் சிறப்பை அவளுக்கு விளக்கத் தொடங்கினேன். அவள் கேட்டுக்கொண்டே உலையில் அரிசியைப் போட்டாள். மறுநாள் நானே வகுப்பின் சன்னலருகே நின்று பார்த்தேன். அவள் சொன்னதில் ஒரு சொல் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

அன்று முதல் தீப்பெட்டியே என் அளவுகோல் ஆயிற்று. நம் பக்கத்தில் காலித் தீப்பெட்டி இல்லாத வீடு ஏது? அதன் நீளம், அகலம், உயரம் மூன்றையும் ஒட்டியே வட்டுகளையும் சட்டங்களையும் குச்சிகளையும் வரைந்தேன். எந்தத் துண்டும் எந்தத் துண்டோடும் சேர வேண்டும் என்பது முதல் விதி. பசை, ஆணி, கருவி எதுவும் தேவைப்படக் கூடாது என்பது இரண்டாவது. குழந்தை விழுங்கக் கூடிய சிறு பகுதி எதுவும் தனியே கழன்று வரக் கூடாது என்பது மூன்றாவது. விதி என்றாலே கட்டுப்பாடு என்று நினைப்பவர்கள் உண்டு. உன் வேலையில் நீ வேறு விதமாகப் பார்ப்பாய் என நம்புகிறேன். வரைபவர் தமக்கு விதிகளைக் கடுமையாக்கிக்கொண்டால்தான் பயன்படுத்துபவரின் கைக்கு விடுதலை கிடைக்கும். பெயர் வைப்பதில் மட்டும் நான் தோற்றேன். "விண்வெளிக் கட்டுமான விளையாட்டுக் கருவித் தொகுதி" என்று தெளிவாகப் பெயரிட்டிருந்தேன். "அந்தப் பேரச் சொல்லி முடிக்கதுக்குள்ள ராக்கெட்டு சந்திரனுக்குப் போயிட்டுத் திரும்பி வந்திரும்" என்று சொல்லி, உன் அம்மா அதற்கு ஆகாயப் பெட்டி என்று பெயர் சூட்டினாள்.

குச்சி துளைக்குள் இறுகுவதில் நான் மிகுந்த கவனம் செலுத்தினேன். குழந்தையின் விரல் தள்ளினால் உள்ளே போக வேண்டும். தூக்கி ஆட்டினால் விழக் கூடாது. இழுத்தால் வர வேண்டும். மரத்தைப் பட்டறைக் கூரைமேல் பரப்பிக் கரிசல் வெயிலில் நாள் கணக்காகக் காய வைத்தோம். போதும் என்று அண்ணாச்சி சொன்ன பிறகும் இன்னும் காயட்டும் என்றேன். கடைசியில் கிடைத்த பொருத்தம் இருக்கிறதே, ஒவ்வொரு குச்சியும் உள்ளே செல்லும்போது "டக்" என்று ஒரே ஒலி. வகுப்பில் குழந்தைகள் அந்த ஒலிக்காகவே மாட்டிக் கழற்றினார்கள். நான் வரைந்த கோட்டுக்கும் மரத்துக்கும் இடையே மயிரிழை வேறுபாடு இல்லை என்ற பெருமிதத்துடன் அந்த ஆண்டு ஐப்பசியில் சென்னைக்கு ரயில் ஏறினோம், நானும் உன் அம்மாவும் அண்ணாச்சியும். தொடக்கப் பள்ளிகளுக்கு விளையாட்டுக் கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் கண்காட்சி ஒன்று அங்கே அறிவிக்கப்பட்டிருந்தது. என் விடுப்பு முடியும் தறுவாயில் இருந்தது. அண்ணாச்சி கேட்ட வெளியாள் கிடைப்பதென்றால் அங்கேதான் கிடைக்க வேண்டும்.

கண்காட்சியின் நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முன்பின் அறியாத ஒரு குழந்தையை அவர்களே அழைத்து வருவார்கள். அந்தக் குழந்தை பிறர் உதவியின்றிக் கட்ட வேண்டும். செய்தவர்கள் கயிற்றுக்கு அப்பால் நிற்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது.

எழும்பூரில் இறங்கியபோது விடாத மழை. விடுதி அறையில் துணி உலரவில்லை, சுவர் வியர்த்தது. மறுநாள் காலைக் காட்சிக்கு முன் ஒரு முறை சரிபார்ப்போம் என்று நண்பகலில் பெட்டியைத் திறந்தேன். ஒரு குச்சியை எடுத்து வட்டின் துளையில் தள்ளினேன். போகவில்லை. வேறொன்றை எடுத்தேன். அதுவும் போகவில்லை. கட்டைவிரலை ஊன்றி அழுத்தியபோது குச்சி அசையாமல் வட்டு இரண்டாகப் பிளந்தது.

மகளே, இந்தப் பிழையை வேறு எந்த ஊர்க்காரன் செய்திருந்தாலும் மன்னித்துவிடலாம். நம் ஊரில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியதே காற்றில் ஈரம் இல்லாததால்தான். ஈரக் காற்று பட்டால் குச்சி வீணாகும் என்பதை இங்கே நடக்கத் தெரிந்த குழந்தையும் அறியும். அப்படிப்பட்ட ஊரில், மரத்தைச் சொட்டு ஈரம் இல்லாமல் உலர்த்தி, அந்த நிலையிலேயே அளவெடுத்து, அந்த அளவே உலகத்தின் அளவு என்று நம்பி, கடற்கரை நகரத்துக்கு மழைக்காலத்தில் கொண்டு வந்திருந்தேன். மரம் ஈரத்தைக் குடித்துக் குச்சி பருத்துவிட்டது. கோவில்பட்டிக் காற்றையும் ஓர் உறுப்பாகச் சேர்த்து வரைந்திருக்கிறேன். பெட்டியில் அந்த உறுப்பு மட்டும் இல்லை.

அண்ணாச்சி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "சார், சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதீங்க. சாயங்கால ரயிலுக்கே கெளம்பிருவோம். நாலு பேரு முன்னாடி போயி முழிக்கதுக்கு இது மேலு." உன் அம்மா விடவில்லை. "அண்ணாச்சி, ரயிலு எங்கயும் ஓடிப் போயிராது. மொதல்ல ஒரு டீயக் குடிங்க." நான் உப்புத்தாளைத் தேடினேன். எல்லாக் குச்சிகளையும் தேய்த்து மெலிதாக்கினால் காலைக்குள் பொருந்திவிடும் என்றேன். அவள் கேட்டாள், "சரி, தேய்ச்சாச்சு. நாளைக்கு செயிச்சாச்சு. பங்குனியில நம்மூருக்குக் கொண்டு போனா?" பதில் எனக்குத் தெரியும். மரம் மறுபடி சுருங்கும். எல்லாம் பொலபொலவென்று உதிரும். சென்னைக்குப் பொருந்துவது விளாத்திகுளத்துக்குப் பொருந்தாது. "மரத்த மரந்தான் பிடிக்கணுமா? நடுவுல வேற எதையாவது வைக்கப்பிடாதா?" என்றாள் அவள்.

அந்தக் கேள்வி என்னைச் சன்னலுக்குக் கொண்டு போயிற்று. கீழே ஒரு சைக்கிள் கடை. கடைக்காரர் காற்றுக் குழாயின் வாயில் மெல்லிய ரப்பர்க் குழல் ஒன்றை எச்சில் தொட்டு நீட்டி மாட்டிக்கொண்டிருந்தார். மழையிலும் வெயிலிலும் சக்கரத்தில் காற்றைப் பிடித்து வைப்பது அந்தத் துளியூண்டு ரப்பர்தான். "அண்ணாச்சி, அதுக்கு என்ன பேரு?" என்று கேட்டேன். "வால் டியூப்பு" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் எழுந்தார். நான் சொல்லி முடிக்கும் முன்பே படியிறங்கிவிட்டார். திரும்பி வரும்போது கையில் ஒரு சுருள் ரப்பர்க் குழலும், கையால் சுற்றும் டிரில் ஒன்றும் இருந்தன. கடைக்காரர் டிரில்லை மாலை வரை இரவல் தந்திருந்தார்.

துளைகளை எல்லாம் பெரிதாக்கினோம். எவ்வளவு ஈரத்திலும் குச்சி தொடாத அளவுக்குப் பெரிது. குச்சி நுனியில் ரப்பர்க் குழலை மாட்டினோம். துளை தளர்வு, குச்சி மெலிவு, நடுவில் ரப்பர். உள்ளே தள்ளினால் மெதுவாகச் சென்று உட்கார்ந்தது. தலைகீழாகப் பிடித்து ஆட்டினாலும் விழவில்லை. அண்ணாச்சி எழுந்து அறைக்குள்ளேயே ஒரு சுற்று ஆடினார். அப்போது என் மூன்றாவது விதி குறுக்கே வந்து நின்றது. குழல் கழன்று குழந்தையின் வாய்க்குள் போனால்? குச்சியைச் சுற்றிப் பள்ளமாக ஒரு காடி வெட்டி அதற்குள் குழல் படிந்து உட்காரச் செய்தால்தான் கழலாது. ஒவ்வொரு நுனியிலும் என் கருவிப் பையிலிருந்த முக்கோண அரத்தால் வெட்ட வேண்டும். "சார், நாளைக்கு செயிச்சிட்டு அப்புறமா காடி வெட்டுவோம். ஒரு நாளைக்கு எந்தப் பிள்ளையும் முழுங்காது" என்றார் அண்ணாச்சி. நான் மறுத்தேன். அவர் உன் அம்மாவைப் பார்த்தார். "இந்த ஒரு விசயத்துல அவிய சொல்லுததுதான் சரி அண்ணாச்சி" என்று சொல்லி அவளே அரத்தை எடுத்துக்கொண்டாள். இன்றைக்கும் அந்த முடிவில் எனக்கு ஐயமில்லை. அவசரத்தில் விட்டுக்கொடுக்கக் கூடியவை பல உண்டு. பயன்படுத்துபவரின் பாதுகாப்பு அவற்றில் ஒன்றன்று. ஆலையில் உன்மீது இந்த நெருக்கடி வரும். வரும்போது தயங்காதே.

விளக்கு வைக்கும் நேரத்தில் கணக்குப் பார்த்தால், காடி வெட்டி முடிந்த குச்சிகள் பாதிதான் தேறின. ரப்பர்ச் சுருள் தீர்ந்து, சைக்கிள் கடையும் மூடியிருந்தது. செய்முறைப் படத்தில் நான் வரைந்திருந்த மூன்றடுக்கு ராக்கெட்டை அவற்றைக் கொண்டு கட்ட முடியாது. "படத்த எடுத்திருங்க" என்றாள் உன் அம்மா. பல வாரம் உழைத்து வரைந்த தாள் அது. எடுத்து என் பைக்குள் வைத்தேன்.

காலையில் ஒரு மாநகராட்சிப் பள்ளியிலிருந்து சிறுமி ஒருத்தியை அழைத்து வந்தார்கள். சிவப்பு ரிப்பன் கட்டிய, எட்டு வயதுக்குள் இருக்கும் பெண். பெட்டியைத் திறந்தவள் முதலில் எடுத்தது தீப்பெட்டி. உள்தட்டை இழுத்துப் பார்த்து, "இதுக்குள்ள ஆளு குந்துவாங்களா?" என்று நடுவராக அமர்ந்திருந்த அம்மையாரைக் கேட்டாள். "நீயே சொல்லேன்" என்றார் அவர். சிறுமி ஒரு சட்டத்தில் தீப்பெட்டியை நுழைத்தாள். அடுத்தது, அதற்கடுத்தது என்று நீளமாகக் கோத்தாள். கீழே வட்டுகளைச் சக்கரமாக மாட்டினாள். என் ராக்கெட்டின் தலையாக நான் கருதியிருந்த கூம்பைப் பின்பக்கம் சாய்வாகப் பொருத்தினாள். அது அங்கே வரக் கூடாது என்று சொல்ல என் நாக்கு துடித்தது. உன் அம்மா கயிற்றுக்குக் கீழே என் கையைப் பற்றி நசுக்கினாள்.

"என்னம்மா இது?" என்றார் நடுவர். "தண்ணி லாரி. நிலாவுல தண்ணி இல்லன்னு டீச்சர் சொன்னாங்க. அங்க இருக்கிறவங்க குடத்த வச்சிக்கினு நிப்பாங்கல்ல?" கூம்பைத் தொட்டுக் காட்டினாள். "தண்ணி இதுவழியா வரும்." அண்ணாச்சியால் பொறுக்க முடியவில்லை. விதியை மீறி, "தாயி, போற வழியில கோவில்பட்டிக்கும் ஒரு நடை விட்டுட்டுப் போ!" என்று குரல் கொடுத்துவிட்டார். கூடம் சிரித்தது. மற்றொரு நடுவர் சிரிக்கவில்லை. லாரியைத் தூக்கினார், ஆட்டினார், தலைகீழாகப் பிடித்தார். ஒரு துண்டும் விழவில்லை. "செய்முறைப் படம் எங்கே? விதிப்படி இருக்க வேண்டுமே" என்று என்னைப் பார்த்தார். கேட்கப்பட்டதால் பதில் சொன்னேன்: மழையில் மரம் பருத்ததையும், துளைகளை மாற்றியதையும், துண்டுகள் குறைந்ததையும் உள்ளபடியே சொல்லி, பையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினேன். அவர் அதைச் சிறுமியிடம் கொடுத்தார். அவள் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "நல்லாத்தான் கீது. ஆனா இதுல தண்ணி எங்க இருக்கு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, லாரிக்கு ஒரு விளக்கு மாட்டப் போனாள். கடுமையான அந்த நடுவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கியதிலிருந்து சிரிக்கிறார் என்று தெரிந்தது.

அவளுக்கு ஒதுக்கிய நேரம் முடிந்தது. ஆசிரியை கூப்பிட்டார், அவள் எழவில்லை. லாரியைப் பிரித்து வேறொன்றைத் தொடங்கியிருந்தாள். நடுவர்கள் மற்ற மேசைகளை எல்லாம் பார்த்துவிட்டு வந்தபோதும் அவள் அங்கேயே இருந்தாள். பக்கத்து மேசைகளுக்கு வந்த குழந்தைகளும் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மாலையில் கரும்பலகையில் தேர்வானவற்றை எழுதினார்கள். முதல் வரியில் ஆகாயப் பெட்டி. உன் அம்மா அதை ஒரு முறை உரக்கப் படித்தாள். அண்ணாச்சி, "சார், பத்த வைக்காமலே பறந்துட்டுதே!" என்று கத்தி, முன்பின் தெரியாத காவலாளி ஒருவரைக் கட்டிப்பிடித்தார். விடுப்பு முடிந்ததும் நான் பாலிடெக்னிக்குக்குச் சென்றேன். விலகல் கடிதம் கொடுத்துவிட்டு வந்தேன். அண்ணாச்சியின் லேத்து அச்சு வேலைக்குத் திரும்பவே இல்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். வடிவமைப்பு பட்டறையில் முடிவதில்லை. தேர்வுப் பலகையிலும் முடிவதில்லை. மறு ஆண்டு நம் வட்டாரப் பள்ளிகளுக்குப் பெட்டிகள் சென்றன. விளாத்திகுளம் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு ஒரு பெட்டியைப் பேருந்துக் கூரையில் ஏற்றி நானும் உன் அம்மாவும் கொண்டு போய்க் கொடுத்தோம். சில மாதங்கள் கழித்து, பங்குனி வெயிலில் பொருத்தம் எப்படி இருக்கிறது என்று அறியச் சென்றோம். தலைமையாசிரியர் பெருமையோடு அலமாரியைத் திறந்து காட்டினார். கொடுத்தபடியே, கட்டிய சணல் கூட அவிழாமல் பெட்டி இருந்தது. "பிள்ளைகள் ஒடைச்சிரும்லா டீச்சர். அதான் பத்திரமாப் பூட்டி வச்சிருக்கேன்" என்றார். உன் அம்மா அவரிடம் அனுமதி கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கித் தரையில் வைத்துச் சணலை அவிழ்த்தாள். "ஒடைக்கதுக்குத்தான் சார் செஞ்சிருக்கோம். ஒடைச்சாத்தான மறுபடியும் கட்ட முடியும்? எங்க, கூப்பிடுங்க பிள்ளைகள."

பிள்ளைகள் வந்தார்கள். சிறிது நேரத்தில் தரை தெரியவில்லை. கரிசல் வெடித்துக் கிடக்கும் வெயிலில், உதட்டைப் பிளக்கச் செய்யும் வறண்ட காற்றில், ஒவ்வொரு குச்சியும் மெதுவாகச் சென்று தன் துளையில் உட்கார்ந்தது, ஒன்றும் உதிரவில்லை. தலைமையாசிரியர் முதலில் நாற்காலியில் இருந்தார். பிறகு குனிந்தார். பிறகு வேட்டியை ஒதுக்கித் தரையில் அமர்ந்து, எதிரே இருந்த பையனிடம், "ஏலே, அந்தக் கிண்ணத்த இங்கன தள்ளு. என் செயற்கைக்கோளுக்கு ஒரு காது கொறையுது" என்றார்.

போய் வா, மகளே. நீ வரைவதைப் பூட்டி வைக்க யாரையும் விடாதே.

அன்புடன்,
அப்பா